வெளியே இருப்பவர்களுக்கு நாம் நீதிபதிகளா?



நம் லேவியராகமத் தொடர் 18-ஆம் அதிகாரத்துக்கு வந்ததிலிருந்து தபால்காரர் கொண்டுவரும் கட்டு பெருத்துவிட்டது. ஆணோடு ஆண் கூடுவதை விலக்கும் அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் பெரும்பாலான கடிதங்கள். நீதிமன்றமே அனுமதித்துவிட்ட பிறகும் பத்திரிகை ஏன் வாய் திறக்கவில்லை என்று சிலர் கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். கேட்டது நல்லதுதான். இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கடிதம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவர் வீட்டு மாடியில் இரண்டு இளைஞர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஓசூரில் வேலை. ஐந்தாம் தேதிக்குள் வாடகை கைக்கு வந்துவிடுகிறது. சண்டை சச்சரவு கிடையாது. இவருடைய தாயாருக்கு ஒரு நள்ளிரவில் மூச்சுத் திணறல் வந்தபோது ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்ததே அவர்கள்தானாம். இப்போது அவர்கள் இருவரின் உறவைப் பற்றித் தெருவில் பேச்சுக் கிளம்பியிருக்கிறது. இருவரும் கிறிஸ்தவர்கள் அல்ல. வேதத்துக்கு விரோதமாக வாழ்கிறவர்களைத் தன் கூரையின் கீழ் வைத்திருப்பது பாவமா, காலி செய்யச் சொல்லிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் ஐயா, காலி செய்யச் சொல்லாதீர்கள். இதை என் சொந்த இரக்கத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அந்தச் சபையில் ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியோடு வாழ்ந்துகொண்டிருந்தான். பவுல் கொதித்துப் போனார். ஆனால் அந்தக் கோபம் யார் மீது? உள்ளே நடந்ததைக் கண்டும் காணாமல் இருந்த சபையின் மீது. உடனே அவரே விளக்கவும் செய்கிறார்: நான் சொன்னது விசுவாசிகளைப் பற்றி, ஊராரைப் பற்றி அல்ல, ஊராரையெல்லாம் விலக்குவதென்றால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும். வெளியே இருப்பவர்களைத் தீர்ப்புச் செய்வது தன் வேலையே இல்லை, அது ஆண்டவருடைய வேலை என்று அதிகாரத்தை முடிக்கிறார்.

கொரிந்து சாதாரண ஊர் அல்ல. கடல் வாணிபம் பெருகிய பட்டணம். எல்லா விதமான வாழ்க்கையும் தெருவிலேயே கண்ணில் பட்டிருக்கும். பவுல் அங்கே ஒன்றரை வருடம் தங்கினார். அந்தப் பட்டணத்தாரின் ஒழுக்கத்துக்குத் தண்டனை கொடுங்கள் என்று ரோம அதிபதியிடம் அவர் முறையிட்டதாக எங்கும் இல்லை. அவரைத்தான் மற்றவர்கள் கல்லியோன் என்ற அதிபதியின் முன் இழுத்துக்கொண்டு போய், நியாயப்பிரமாணத்துக்கு விரோதமாகப் போதிக்கிறான் என்று குற்றம் சாட்டினார்கள். உங்கள் வேதத்தைப் பற்றிய வழக்கை நான் விசாரிப்பதில்லை என்று கல்லியோன் அவர்களைத் துரத்திவிட்டான். பவுல் தப்பியது அதனால்தான்.

இதைப் படித்த நாம் என்ன செய்தோம்? இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வயதுவந்த இருவர் மனமொத்துக் கூடுவதற்குப் பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று சொன்னது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் அப்போஸ்தலிக்க திருச்சபைகள் கூட்டமைப்பும் உத்கல் கிறிஸ்தவ கவுன்சிலும் இருந்தன. 2013 டிசம்பரில் அந்தப் பக்கமே வென்றது. ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய பிரிவாக அது இருந்தது. சபைக்குள் ஒழுங்கு நடவடிக்கை என்பது வேறு. தன் வேதத்தை நம்பாத ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் நீடிக்க வேண்டும் என்று சபை வழக்காடுவது வேறு. இரண்டாவதைச் செய்ய பவுலிடமிருந்து நமக்கு எந்த அனுமதியும் இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்தப் பிரிவின் இந்தப் பகுதியை நீக்கியபோது, எனக்கு வருத்தம் வரவில்லை. சபையின் மேலிருந்த ஒரு பாரம் இறங்கியதாகவே நினைத்தேன்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே குரலில் பேசினார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2013 தீர்ப்பு வந்தபோது மும்பை கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், தன்பாலினத் திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காது, ஆனால் இவர்களைக் குற்றவாளிகளாகவும் அது கருதியதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். போப் பிரான்சிஸ் 2023 ஜனவரியில் இதையே உலகத்துக்குச் சொன்னார். இன்னொன்றும் கவனியுங்கள். 377 மோசேயின் பலகையிலிருந்து வந்ததல்ல. எட்டாம் ஹென்றி காலத்தில், 1533-இல், இங்கிலாந்து போட்ட சட்டத்தின் வழியில் மெக்காலேயின் குழு எழுதி, 1860-இல் நம் மீது வைத்துவிட்டுப் போனது.

மற்றவர்களின் நம்பிக்கைக்கேற்ற சட்டம் நம் மேல் வந்தால் எப்படி வலிக்கும் என்று தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. மதமாற்றச் சடங்கு நடந்தால் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் தர வேண்டும். மூன்று ஆண்டு வரை சிறை. மாறியவர் பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ இருந்தால் நான்கு ஆண்டு. அந்த மாதமே நம் பள்ளிகளும் கல்லூரிகளும் ஒரு நாள் கதவடைத்து எதிர்ப்பைக் காட்டின. மனிதனுடைய மனச்சாட்சிக்குள் காவல் நிலையத்துக்கு என்ன வேலை என்று கேட்டோம். 2004-இல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அன்று நாம் கேட்ட கேள்வி எல்லாருக்கும் பொதுவானது.

சரி, லேவியராகமத்துக்கு வருவோம். அது இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லப்பட்டது. முதல் வரிகளே அப்படித்தான் தொடங்குகின்றன. அடுத்த அதிகாரத்திலேயே, 19-இல், ஒரே வயலில் இருவகை விதை விதைக்காதே, இருவகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்று இருக்கிறது. நம் தர்மபுரி மாவட்டத்து மானாவாரிக் கேழ்வரகுக் காட்டில் போய் நின்று பாருங்கள். நடுநடுவே சால் விட்டு அவரையும் துவரையும் கடுகும் போட்டிருப்பார்கள். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்ற அறிவு அது. ஞாயிறு ஆராதனைக்குப் பாலியஸ்டர் கலந்த சட்டையில்தான் போகிறோம். இதற்காக எந்தப் போதகரும் யாரையும் எச்சரித்ததில்லை. காரணம் உண்டு: அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடிய மூப்பர்கள், மோசேயின் நியாயப்பிரமாணத்தைப் புறஜாதி விசுவாசிகள் மீது சுமத்துவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அப்போதும் அவர்கள் விட்டுவைத்த நான்கு விலக்குகளில் வேசித்தனமும் ஒன்று என்று நீங்கள் சுட்டிக்காட்டலாம். ரோமர் முதல் அதிகாரத்தையும் காட்டலாம். நியாயமான வாதம். விசுவாசிகளுக்குள் அதைப் பேச வேண்டியதுதான். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்ற சபையின் போதனையை நானும் ஏற்கிறவன். ஆனால் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் மீதே சுமத்தாத நியாயப்பிரமாணத்தை, விசுவாசமே இல்லாத மாடி வீட்டுக்காரர் மீது எந்த நியாயத்தில் சுமத்துவோம்?

தீர்ப்புச் செய்ய ஆசைப்பட்டால் உள்ளே வேலை நிறைய இருக்கிறது. அதே நிருபத்தின் ஆறாம் அதிகாரப் பட்டியலில் பொருளாசைக்காரரும் குடிகாரரும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவரும் வரிசையாக நிற்கிறார்கள். வரதட்சணை வாங்கிய கல்யாணத்தில் எத்தனை முறை ஜெபம் செய்திருக்கிறோம்! திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்த சுவர் நாடறிந்தது. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு கலப்பு மணத்துக்காக நத்தம் காலனி எரிந்தது நம் தர்மபுரியில்தான். கிறிஸ்தவ வீடுகளில் வரன் பார்க்கும்போது முதலில் விசாரிப்பது ஞானஸ்நானத்தையா, சாதியையா? பவுலின் ஐந்தாம் அதிகாரம் குறி வைத்திருப்பது இந்த இடத்தை.

கடைசியாக, பெயர் போடாமல் எழுதிய பெற்றோருக்கு. மகனுக்குத் தன்பாலின ஈர்ப்பு இருப்பது தெரிந்ததும் விடுதலை ஜெபத்துக்கு அழைத்துப் போகலாமா, டாக்டரிடம் மாற்றச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்வதை 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. அந்த வழக்கு வீட்டுக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களுடையது. தனக்கே இந்த விஷயத்தில் தெளிவில்லை என்று சொல்லி, மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதினார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட சிகிச்சையை டாக்டரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. எனவே பணம் கட்டி ஏமாறாதீர்கள். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அடிக்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகவே போகாதீர்கள். ஒரு நீதிபதி காட்டிய பொறுமையை நாம் பெற்ற பிள்ளையிடம் நாமும் காட்டலாம். அவன் சொல்வதை முதலில் முழுதாகக் கேளுங்கள். உங்கள் போதகரிடம் பேசுவதென்றால் அவனுடைய சம்மதத்தோடு பேசுங்கள். எனக்கு மறுபடியும் எழுதுங்கள். பெயர் வேண்டியதில்லை, பதில் கட்டாயம் எழுதுவேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்
பாலக்கோடு