கண்டம் தண்ணீரில் இல்லை

புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் ஒரு வீட்டில் பிள்ளை இறந்துபோனால், கருமாதி முடிவதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். "ஒன்ன பறிகொடுத்தாச்சி. இருக்கறதயாவது பொத்தி வெச்சிக்க." அன்றோடு மிஞ்சிய பிள்ளையின் பந்தும் காலணியும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். திடல் கூடாது. தண்ணீர்ப் பக்கமே கூடாது. ஜாதகத்தைப் புரட்டி 'நீரில் கண்டம்' என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சே கிடையாது.

சொல்கிறவர்களின் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. புத்தியில்தான் சந்தேகம்.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தண்ணீர் படாமல் ஒரு பிள்ளை வளர முடியுமா? சிலாங்கூர் ஆறு இருக்கிறது. வடக்கே தஞ்சோங் காராங் வயல்களுக்குப் போகும் கால்வாய்கள். பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், ஈயம் எடுத்தவர்கள் அப்படியே விட்டுப்போன குட்டைகள். ஈயக்குட்டையின் கரை நயவஞ்சகமானது: இங்கே முழங்கால் ஆழம், அடுத்த அடியில் மணல் சரிந்து ஆளையே இழுத்துவிடும். பன்னிரண்டு வயதுப் பையனை எத்தனை நாள் கட்டிப்போடுவீர்கள்? என்றைக்காவது கூட்டாளிகளோடு போகத்தான் போகிறான். நீந்தத் தெரியாமல் போவான். பிறகு, ஜோசியர் வாக்கு பலித்துவிட்டது என்பார்கள். பலிக்கவைத்தது யார்?

நம்மைவிட ஏழையான வங்காளதேசத்தில், கிராமத்துக் குளங்களிலேயே மூங்கில் தட்டு கட்டி, பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்விம்சேஃப் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். கற்றுக்கொண்ட பிள்ளைகளிடையே நீரில் மூழ்கிச் சாவது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்ததாக 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எந்தப் பரிகாரத்துக்கு இந்தக் கணக்கு உண்டு?

அமெரிக்காவின் கல்லன் ஜோன்ஸ் ஐந்து வயதில் ஒரு நீர்ப் பூங்காவில் மூழ்கி, பிழைத்து வந்தவர். அவருடைய அம்மா பிள்ளையைப் பூட்டிவைக்கவில்லை. உடனே நீச்சல் வகுப்பில் சேர்த்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தொடர் நீச்சலில் தங்கம் வாங்கியது அந்தப் பிள்ளைதான். தங்கத்தை விடுங்கள். அதே தண்ணீரில் திரும்ப இறக்கிவிட அந்தத் தாய்க்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

திடல் ஆபத்து என்பதாவது உண்மையா? நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள். பாதிக்கு மேல் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும். ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி 2022இல் கழுத்தெலும்பு முறிந்து கிடந்தது ஆட்டக்களத்தில் அல்ல, கார் விபத்தில். 2024இல் லண்டன் போட்டியில் வென்று எழுந்து நின்றது ஆட்டக்களத்தில். ஆனால் பந்து விளையாட விடாத அதே வீட்டில், "கடைக்கு ஓடிப்போய் சீனி வாங்கிட்டு வா" என்று லைசன் இல்லாத பையனிடம் மோட்டார் சாவியைக் கொடுப்பார்கள். ஹெல்மெட் ஆணியில் தொங்கும்.

இத்தனையையும் மீறி, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் மகளைத் திடலுக்கு அனுப்பினால் அவள் கல்நெஞ்சக்காரி. "வருசம்கூட திரும்பல, போட்டி விளையாட்டுல நின்னு கைதட்டுறா!" வேறு என்ன செய்ய வேண்டும்? செத்தவன் படத்துக்கு முன்னால் மகளையும் உட்காரவைத்து, இருவருமாகக் காய்ந்துபோக வேண்டுமா? "அண்ணனுக்காக ஓடு" என்று அவள் முதுகில் இன்னொரு பாரத்தை ஏற்றுகிறவர்களையும் நான் ஒப்பவில்லை. தோற்றால் பிள்ளை அண்ணனையும் சேர்த்துத் தோற்கடித்ததாக அழும். அது தனக்காக ஓடட்டும். தாய் எதற்காகக் கைதட்டினாள் என்பது அவள் பாடு.

திருவிழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் எடுக்கத் தெரிந்த கோயில் நிர்வாகங்களுக்கும், பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு நீச்சல் ஆசிரியரை அமர்த்தத் தெரியாதா? அடுத்த பொதுக்கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்கும்போது எழுந்து கேளுங்கள். கண்டம் பற்றி முதலில் பேச வருகிறவரிடம், உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்றும் கேளுங்கள்.