ஏவுதளம் இங்கே! ஏட்டுத்தமிழ் எங்கே?

திருச்செந்தூருக்குத் தெற்கே, பாண்டியன் பெயர் தாங்கி நிற்கும் கடற்கரையூர் குலசேகரன்பட்டினம். முத்துக்குளித்துறை என்று உலகம் போற்றிய கரையின் ஒரு கூறு அது. செயற்கைக்கோள்களை ஏவுதற்கான இந்தியாவின் இரண்டாம் ஏவுதளத்திற்கு அங்கே 2024 பிப்பிரவரி 28 ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. அன்றே ஆய்வுச் சிற்றேவூர்தி ஒன்றும் விண்ணிற் பாய்ச்சப்பெற்றது. ஆந்திரத்தின் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து தென்முகமாக ஏவினால், ஈழத்தீவின்மேற் பறவாதவாறு ஏவூர்தி வளைந்து செல்லல் வேண்டும். அவ்வளைவில் எரிபொருள் வீணாகும். சுமக்கும் எடை குறையும். குலசேகரன்பட்டினத்தின் தெற்கிலோ திறந்த கடல். ஏறத்தாழ 500 கிலோ எடையைச் சுமக்கும் சிறிய ஏவூர்திகளுக்கு இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் கரணியம் இதுவே.

இவை செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. நாம் கேட்பது வேறொன்று. அவ் ஏவுதளம் எந்த மொழியில் எழுதப்படும்?

ஏவுதளத்தை எழுதுவதா என்று வியக்க வேண்டா. இரும்பாலும் எரிபொருளாலும் ஆனதுபோலவே, ஏவூர்தி ஏடுகளாலும் ஆனது. ஒவ்வொரு திருகாணியையும் எவ்வளவு முறுக்க வேண்டும், எரிபொருட் கூறுகளை எவ்வாறு தூக்க வேண்டும், தீப்பொறி எழாமற் காக்க முதலில் எதைச் செய்யவேண்டும் என்பன யாவும் வரிசைப்பட எழுதப்படுகின்றன. அவற்றை எழுதுவோர் தொழில்நுட்ப ஆவண எழுத்தர். அவருட் பலர் எந்நிறுவனத்திலும் நிலையாக அமராமல், பணிதோறும் ஊதியம் பேசி எழுதித் தருவோர். பொறிஞன் அறிந்ததைக் கேட்டறிந்து, செய்வோன் கைக்கு ஏற்ப அடுக்கித் தருவதே அவர் தொழில். எச்சரிக்கையைச் செயலுக்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்பது அங்கே நடையழகு பற்றிய வினா அன்று. உயிர் பற்றிய வினா.

அவர்தம் முதற்கருவி வார்ப்புரு. தலைப்பு, எண், நாள், எத்தனையாம் திருத்தம், எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், எச்சரிக்கைக்குரிய இடம், படிகளுக்குரிய எண்கள், கையொப்பம் எனும் இவற்றை முன்னரே அமைத்துவைத்த கட்டமைப்பு அது. அச்சு ஒன்று அமைந்துவிட்டால் ஆயிரம் ஆவணங்கள் அதில் வார்ந்து வெளிவரும். எந்த மொழியில் அச்சு அமைந்ததோ, அந்த மொழியிலேயே ஆயிரமும் அமையும். நம் கவலை முழுதும் இங்கேதான் இருக்கிறது.

ஆவணத்திற் பிழைத்தால் என்னாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க நாசா நிறுவனம் 1998 திசம்பரில் செவ்வாய்க்கு ஒரு கலத்தை விடுத்தது. அதனைச் செலுத்தும் விசையின் கணக்கை ஒரு சாரார் பவுண்டு அளவில் தந்தனர். மறு சாரார் அதனை நியூட்டன் அளவாகக் கொண்டனர். நியூட்டன் அளவே வேண்டும் என்று இரு சாரார்க்கும் இடைப்பட்ட ஆவணம் கூறியிருந்தது. அதைப் பின்பற்றாமையால் 1999 செப்தம்பர் 23 ஆம் நாள் கலம் செவ்வாயை நெருங்குகையில் இழக்கப்பட்டது. ஒரே மொழி பேசிய அறிஞரிடையே அளவு ஒன்று மாறியதற்கே இவ்விழப்பு என்றால், ஆவணத்தின் மொழியே விளங்காத தொழிலாளி என் செய்வான்?

குலசேகரன்பட்டினத்தில் அவ் ஏடுகளைப் படிக்கவேண்டியவர் விண்ணியல் அறிஞர் மட்டுமல்லர். பற்றவைப்போரும், மின்னிணைப்பாளரும், சுமை தூக்குவோரும், காவலரும் படிக்கவேண்டும். ஏவும் நாளிற் கடலுக்குள் செல்லாமல் நிற்கவேண்டிய மீனவரும் படிக்கவேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து இத்தனை பாகை, இத்தனைக் கலை என்று எண்களை மட்டும் எழுதி ஒட்டினால் போதுமா? ஆழத்தைப் பாகத்தால் அளப்பவர். கடலடிப் பாறையைப் பார் என்று பெயரிட்டு அறிந்தவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பகுத்துக் கண்டவர் அவர். அவருக்குரிய அறிவிப்பு எந்த நாள், எந்நேரம் முதல் எந்நேரம் வரை, எந்த ஊர்க்கு நேரே எவ்வளவு தொலைவு, மீறினால் நேரும் ஏதம் யாது, ஐயமெனில் யாரைக் கேட்பது என ஐந்தே வரிகளில் அடங்கும். இவ்வைந்து வரி வார்ப்புருவைத் தமிழில் முதலிற் செய்தல் அரியதொரு செயலா?

சட்டம் இதனை அறியாததன்று. தொழிற்சாலையில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருட் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. சூழல் தாக்க ஆய்வின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தரவேண்டும் என்பது 2006 ஆம் ஆண்டு அறிவிக்கை. சுருக்கம் நம் மொழியில், விரிவு ஆங்கிலத்தில்! சாளரம் திறந்தமைக்கே வாயில் திறந்ததாக மகிழச் சொல்கின்றனர்.

தமிழிற் சொல்லில்லை என்பார் இன்னும் உளர். 1956 இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பெற்றது. அடுத்த ஆண்டே ஆட்சிச் சொல்லகராதி வெளிவந்தது. சொற்கள் அன்றுதொட்டு மலைபோற் குவிந்துள்ளன. குறைவது வார்ப்புருவே. பணியாளன் கணிப்பொறியைத் திறக்கிறான். ஆங்கிலப் படிவம் ஆயத்தமாக நிற்கிறது. பெயரும் நாளும் நிரப்பினாற் பணி முடிகிறது. சொல் அகராதியிற் கிடக்கிறது. ஆட்சி ஆங்கிலப் படிவத்தில் நடக்கிறது. பின்னர் யாரோ அதனை வரிக்கு வரி பெயர்த்து, ஆங்கிலமும் அறிந்தாலன்றி விளங்காத ஒரு தமிழை ஒட்டிவைக்கின்றனர். அதைக் கண்டவன் தமிழையே பழிக்கிறான்.

நம்மவர்க்கும் ஒரு சொல் உண்டு. ‘வால்வு’ என்பதற்கு அடைப்பிதழ் என்பார் ஒருவர். ஓரதர் என்பார் மற்றொருவர். தடுக்கிதழ் என்பார் வேறொருவர். மூன்றும் தமிழே. ஆனால் முதற்பக்கத்தில் அடைப்பிதழை மூடு என்றும், மறுபக்கத்தில் ஓரதரைத் திற என்றும் எழுதினால், தொழிலாளி இரு பொருள்களைத் தேடுவான், அதற்குள் வெடித்துவிடும். ஒரு பொருளுக்கு ஒரே சொல். முதன்முறை வருமிடத்து அவன் அறிந்த பெயரும் அருகில். அதன்பின் முடிவுவரை அத் தமிழ்ச்சொல்லே. எச்சரிக்கைப் பலகை சொல்லாய்வுக் களம் ஆகாது. தூய தமிழ் விளங்கு தமிழாகவும் இருந்தால்தான் ஆலைக்குள் நிலைக்கும்.

ஆவண அச்சு நமக்குப் புதிதன்று. அரசன் மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு, நிலத்தின் நான்கெல்லை, விலை, ஒப்பமிட்டோர் பெயர், அறத்தைக் காக்கும் இறுதிமொழி என ஒரே ஒழுங்கிற் கல்லிலும் செப்பேட்டிலும் பொறித்தவர் சோழரும் பாண்டியரும். ஓலை எழுதுவோன் ஒருவன். அதனைப் பார்த்து ஒப்பும் ஓலைநாயகம் வேறொருவன். வரிப்பொத்தகத்திற்கும் பட்டோலைக்கும் தனித்தனி அலுவலர். இன்றைய எழுதியவர், சரிபார்த்தவர் என்னும் கட்டங்களை அன்றே வகுத்த இனம் இது. இம் முத்துக்குளித்துறை மக்களுக்காக அயல்நாட்டினரான அன்றீக்கு அடிகளார் செய்த தமிழ்நூல் 1586 இல் அச்சேறியது. படிப்பவன் மொழியே நூலின் மொழி என்பதைக் கடல்கடந்து வந்தவர் உணர்ந்தார். நானூறு ஆண்டுகட்குப் பின்னும் நம் ஆளுநர் உணரவில்லை என்றால் நாணவேண்டியவர் யார்?

ஆகவே தமிழன்பர்களே, கூட்டம் கூட்டித் தீர்மானம் இயற்றியதோடு அமையற்க. கடலடைப்பு அறிவிப்பு, பணி இசைவுச் சீட்டு, பொறி இயக்கும் முறைத்தாள், நேர்ச்சி நிகழின் முதலிற் செய்வன, நில இழப்பீட்டு விண்ணப்பம் ஆகிய ஐந்து வார்ப்புருக்களை முதலிற் செய்வோம். பொறிஞர், தமிழாசிரியர், தொழிலாளி, மீனவர் ஒருங்கிருந்து செய்வோம். செய்தபின், அதைக்கொண்டு வேலை செய்யவேண்டியவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். அவன் தடுமாறும் இடத்திற் குற்றம் எழுத்தினுடையது, அவனுடையதன்று. நிறைவுற்றதை எவரும் விலையின்றி எடுத்தாள விடுவோம்.

எழுதுவோர்க்கு உரிய கூலியும் வேண்டும். தமிழ்த்தொண்டு என்னும் பெயரால் ஆவண எழுத்தரை வெறுங்கையோடு அனுப்புவது தொண்டாகாது, சுரண்டலே. ஒப்பந்தம் கோரும்போதே தமிழ் ஆவணங்களுக்கும் பணம் ஒதுக்குமாறு நடுவணரசையும் மாநில அரசையும் விண்வெளி ஆய்வு நிறுவனத்தையும் வற்புறுத்துவோம்.

மண் நமது, கடல் நமது, அங்கு வியர்வை சிந்தும் கைகளும் நமவே. அக் கைகளைக் காக்கும் ஏடும் நம் மொழியில் எழுதப்படல் வேண்டும்!