தெருவில் கேட்கும் நம் பாட்டு

இசைக்கு மயங்காதவர் எவர்? ஆயினும் ஞானப் பாட்டு கோவில் வாசலைத் தாண்டி வானொலியிலும் திரைப்படத்திலும் தேநீர்க் கடையிலும் ஒலித்தால் அதன் புனிதம் கெட்டுவிடும் என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. மரியாதையோடு அவர்களிடமிருந்து மாறுபடுகிறேன்.

நம் வ. புதுப்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் திருவில்லிபுத்தூர். ஆண்டாள் பிறந்த ஊர். மார்கழி பிறந்துவிட்டால் விடியுமுன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை. அதன் முப்பது பாசுரங்களில் சிலவற்றையாவது அறியாத கிறிஸ்தவப் பெண் இவ்வட்டாரத்தில் உண்டா? யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. காதில் விழுந்தது, மனத்தில் நின்றது. கண்ணன் பெயர் வருகிறதே என்று நாம் காதைப் பொத்திக்கொள்வதில்லை. (என் பாட்டி மட்டும் பொத்திக்கொள்வதாகப் பாவனை செய்வார். பிறகு அடுப்படியில் அவரே முணுமுணுப்பார்.)

நம் பாட்டும் அப்படியே பிறர் வீட்டுக்குப் போயிருக்கிறது. 1978இல் வெளிவந்த ‘அச்சாணி’ படத்தில் இளையராஜாவின் இசையில் எஸ். ஜானகி பாடிய ‘மாதா உன் கோவிலில்’ பாட்டை யார்தான் அறியார்? எழுதிய வாலியோ திருவரங்கத்தில் வளர்ந்த வைணவர்! அரங்கன் ஊர்க்காரர் அன்னை மரியாளுக்குச் சூட்டிய மாலை அது. வானொலி வழியே எல்லார் வீட்டிலும் நுழைந்தது. சினிமாப் பாட்டு என்று அதை நிறுத்தச் சொன்னவரை நான் கண்டதில்லை.

வெளியே போக வேண்டுமானால் பெயரை மறைத்துக்கொள்ள வேண்டுமா? மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை, 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யை வெளியிட்டார். எம்மதத்தாரும் பாடத்தக்க விதமாகக் கடவுளைப் பொதுவாகவே பாடினார். அவை கர்நாடக இசை மேடைகளில் இன்றும் கேட்கின்றன. அது உயர்ந்த வழிதான். ஆனால் ஒரே வழி அன்று. ஆஸ்திரேலியாவில் சகோதரி ஜேனட் மீட் என்னும் கன்னியர் பரலோக மந்திரத்தையே ராக் இசையில் பாடினார். 1974இல் அது அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. தம் பங்குக்கு வந்த பணத்தை அவர் தருமத்துக்குக் கொடுத்துவிட்டார்.

என் வருத்தமெல்லாம் வேறு. சினிமா மெட்டிலே ஞானச் சொற்களைப் பொருத்தி, அதைப் பூசையில் பாடுகிறார்களே, அதுதான். வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது, இரவல் மெட்டுக்காகவா? நம் முன்னோர் கர்நாடக ராகங்களை எடுத்தாளவில்லையா என்பர். ராகம் எல்லாருக்கும் பொது; மெட்டு ஒருவருடைய உழைப்பு. அப்படிப்பட்ட பாட்டு தொடங்கியதும் முன்வரிசைச் சிறுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் காதில் கேட்பது கதாநாயகனின் குரல். வெளியே போகும் பாட்டுக்கு அஞ்சுகிறவர்கள், உள்ளே வரும் இதற்கு ஏன் வாய் திறப்பதில்லை?

அருட்சகோதரியரிடமும் பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம். பாட்டு எழுதத் தெரிந்தவர்களும் ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர்களும் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வரும் கிறிஸ்துமசுக்கு ஒரு பாட்டாவது அவர்களே மெட்டமைக்கட்டும். ஒலிபெருக்கிக்காரர் எங்கள் தெருதான். கேட்டால் கட்டாயம் போடுவார்.

— பத்தாம் வகுப்பு மாணவி