லிவர்தானே என்னும் அலட்சியம்

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்கு அந்த வண்டிகள் போகும். மாலையில் அதே சுமையோடு, அதே வளைவுகளில் இறங்கி வரும்.

அவற்றில் பழைய வண்டிகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். தொழிற்சாலையில் பிறந்தபோது இருந்த எஞ்சின் பலவற்றில் இப்போது இல்லை. பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் வந்திருக்கும். மூன்று கியர் பெட்டி போய் நான்கோ ஐந்தோ வந்திருக்கும். ஓட்டுநரின் காலருகே தரைத் தகரத்தில் கட்டர் வைத்து வெட்டிய ஓட்டை ஒன்று. அதிலிருந்து, இரண்டு இடத்தில் வளைந்து, நடுவில் வெல்டிங் தழும்போடு ஒரு கியர் லிவர் எட்டிப் பார்க்கும்.

அந்த வளைவுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எஞ்சின் மவுண்டில் உட்கார்ந்துவிட்டது, எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் பெல் ஹவுசிங் பொருந்திவிட்டது, கிளட்ச் பிடிக்கிறது என்றால் முக்கால்வாசி வேலை முடிந்ததாம். லிவர் ஸீட்டுக்கு அடியில் போய் முளைத்தாலும் கவலையில்லையாம். “லிவர்தானே, சூடு காட்டி வளைச்சுக்கலாம்” என்பது இடுக்கி எல்லையில் குமுளியிலும், பாலக்காடு மாவட்டத்தில் நென்மாறையிலும், கோவை பக்கம் ஆனைகட்டியிலும் ஒரே தொனியில் கேட்கும் பேச்சு. இது தவறான நம்பிக்கை. சமவெளியில் இதன் விலை பல் தேய்ந்த ஒரு கியர்பாக்ஸ். மலையில் விலை அதைவிடப் பெரியது.

எஞ்சின் மாற்றும் வழக்கத்தையே இங்கே குறை சொல்லவில்லை. 1941-இல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் போருக்காகச் செய்த ஜீப்பில் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மூன்று கியரும் இருந்தன. அதன் வழிவந்த வண்டிகளை மஹிந்திரா பல பத்தாண்டுகள் இந்தியாவில் விற்றது. பெட்ரோல் விலை ஏற ஏற, மலைத் தோட்டக்காரர்கள் டீசலைத் தேடினார்கள். மஹிந்திராவே எண்பதுகளில் பெஜோவின் டீசல் எஞ்சினை ஜீப்பில் ஏற்றியது. தொழிற்சாலை செய்ததைப் பட்டறைகளும் செய்தன. உதிரி பாகம் கிடைக்காத இடத்தில், கோவையின் லேத் பட்டறைகளில் அடாப்டர் பிளேட் கடைந்து, பழைய வண்டிகளுக்கு உயிர் கொடுத்த மெக்கானிக்குகளின் கைத்திறன் சாதாரணமானதல்ல. அந்தத் திறன் பெல் ஹவுசிங்கோடு நின்றுவிடுவதுதான் வருத்தம்.

லிவர் ஒரு குச்சி என்று நினைப்பவர்கள் அதன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். லிவர் ஓர் உருண்டைக் குமிழின் மேல் திரும்புகிறது. குமிழுக்குக் கீழே இருக்கும் பகுதி, பெட்டிக்குள் செலக்டர் ராடை நகர்த்தும் விரல். மேலே இருப்பது நம் கை பிடிக்கும் பகுதி. கீழ்ப்பகுதி 5 செ.மீ., மேல்பகுதி 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஏழு. உள்ளே ராடோடு இணைந்த ஃபோர்க் 10 மி.மீ. நகர வேண்டுமானால் மேலே கைப்பிடி 70 மி.மீ. நகர வேண்டும். இப்போது லிவரை வெட்டி ஒட்டி மேல்பகுதியை 50 செ.மீ. ஆக்கினால் விகிதம் பத்தாகிறது. அதே 10 மி.மீ.க்குக் கை 100 மி.மீ. போக வேண்டும். ஆனால் டேஷ்போர்டோ, ஸீட்டின் ஓரமோ, தகர ஓட்டையின் விளிம்போ 70 மி.மீ. அளவிலேயே தடுத்துவிடுகிறது. உள்ளே விரல் நகர்வது வெறும் 7 மி.மீ. கியர் விழுந்துவிட்டது என்று கை சொல்கிறது. மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்பதைப் பெட்டி மட்டுமே அறியும்.

அந்த மூன்று மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. சிங்க்ரோ உள்ள பெட்டியில், ஃபோர்க் ஒரு ஸ்லீவைத் தள்ள, ஸ்லீவின் உட்பற்கள் கியரின் ஓரப்பற்களின் மேல் ஏறிப் பூட்டிக்கொள்கின்றன. அந்தப் பற்கள் சற்றுப் பின்சரிவாகக் கடையப்பட்டவை. சுமை வரும்போது ஸ்லீவ் வெளியே வழுக்காமல் உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. முழுதாக ஏறினால்தான் அந்தச் சரிவு வேலை செய்யும். அரைகுறையாக நுனியில் தொற்றி நிற்கும் ஸ்லீவ், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது தாங்கும். காலை எடுத்ததும் சுமையின் திசை மாற, துள்ளி வெளியே வந்துவிடும். ஓட்டுநர்கள் இதைக் “கியர் எகிறுது” என்பார்கள். பழி கியர் ஆயில் மேலும் பழைய பெட்டியின் மேலும் விழும். லிவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

காலை எடுக்கும் நேரம் மலையில் எப்போது வருகிறது? இறக்கத்தில்.

தேசிய நெடுஞ்சாலை 85-இல் போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர் வரும்போது சாலை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது. 1,500 கிலோ எடையுள்ள ஒரு ஜீப் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சாதாரண வெப்பத்தில் இருக்கும் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். அந்த வெப்பம் எங்காவது போயாக வேண்டும். எஞ்சின் கியரில் பிடித்திருந்தால் பெரும்பங்கை எஞ்சின் விழுங்கும். கியர் எகிறி நியூட்ரலுக்குப் போனால், மொத்தமும் பழைய டிரம் பிரேக்குகளின் தலையில். டிரம் சூடேற ஏற, லைனிங் பிடிப்பை இழக்கும். மிதிக்க மிதிக்க வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்லிக் கொடுப்பது இதனால்தான்.

டீசலுக்கு மாற்றிய வண்டியில் இந்தப் பாடம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ள, உள்ளே உண்டாகும் வெற்றிடம் வண்டியைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். பழைய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் அப்படி மூடும் த்ராட்டில் இல்லை. ஆகவே தாழ்ந்த கியர் உறுதியாக நிற்பதை அந்த வண்டி அதிகம் நம்பியிருக்கிறது. எஞ்சினை மாற்றியவர் தெரிந்தோ தெரியாமலோ செலக்டரின் பொறுப்பைக் கூட்டியிருக்கிறார். அந்தச் செலக்டரையே அரைமனதாகக் கட்டியிருக்கிறார்.

வளைவு தன் பங்குக்கு வேறு வினைகளையும் செய்கிறது. நேராக நிற்கும் லிவரின் கைப்பிடி முன்னும் பின்னும் போகும். பின்னோக்கி நன்றாகச் சாய்த்து வளைத்த லிவரின் கைப்பிடி மேலும் கீழுமாக எழுந்து தாழும். அதன் எடை ஒரே பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த எடை செலக்டரை ஒருபக்கமாகத் தட்டும். செலக்டர் ராடைத் தன் இடத்தில் நிறுத்துவது சிறு இரும்புக் குண்டும் ஸ்பிரிங்கும்தான். ஓட்டை சிறிதாக இருந்து, ரப்பர் பூட் இறுக்கமாக இழுத்தால், ஃபோர்க் நாள் முழுக்க ஸ்லீவின் பள்ளத்தில் உரசிக்கொண்டே இருக்கும். லிவரின் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டாதே என்று பழகுநர்களைக் கண்டிக்கும் அதே மெக்கானிக், ரப்பரால் ஆன ஒரு கையை அங்கே நிரந்தரமாக வைத்துவிடுகிறார்.

ஜீப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய வண்டிகளில் கியர் லிவருக்குப் பக்கத்திலேயே டிரான்ஸ்பர் கேஸின் இரண்டு லிவர்கள் நிற்கும்: நான்கு சக்கர ஓட்டத்துக்கு ஒன்று, தாழ்வேக விகிதத்துக்கு ஒன்று. வளைத்த லிவர் இரண்டாவது கியரில் பின்னுக்கு வரும்போது அவற்றில் ஒன்றில் இடித்து நின்றால், மறுபடி அதே கதை: கைக்கு முழுக் கியர், பெட்டிக்கு முக்கால் கியர்.

மூன்று கியர் பெட்டியில் பழகிய கையும் கண்ணும் ஐந்து கியர் பெட்டியில் ஏமாறும். பழைய பெட்டியில் லிவர் குறுக்கே தேட வேண்டிய வரிசை இரண்டே இரண்டு. ஐந்து கியரும் ரிவர்ஸும் உள்ள பெட்டியில் குறைந்தது மூன்று வரிசை. குறுக்கே இருந்த ஆட்டம் முன்பு பொறுக்கத்தக்கது. இப்போது அது மூன்றாவதைத் தேடிய கையை முதலாவதில் கொண்டுபோய் விடும். ஐந்தாவதும் ரிவர்ஸும் ஒரே வரிசையில் இருக்கும் பெட்டிகள் பலவற்றில், ஒன்றிலிருந்து மற்றதற்கு நேராகப் போகாதபடி ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். லிவர் டவரைக் கழற்றி மாற்றும்போது அந்தத் தடுப்பும் அதன் ஸ்பிரிங்கும் பட்டறைத் தரையில் தங்கிவிட்டால், ஓட்டுநருக்கு அதை யாரும் சொல்லப்போவதில்லை.

லிவர் எட்டாத தூரத்தில் முளைக்கும்போது சிலர் ராடு வைத்து நீட்டிச் செய்கிறார்கள். நல்ல வழிதான், சரியாகச் செய்தால். பெரும்பாலும் நடப்பது வேறு: புது லிவரின் அடித்தளத்தை வண்டியின் தரைத் தகரத்தில் போல்ட் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் நிற்பவை. இழுவையில் ஒருபுறம் புரளும், காலை எடுத்தால் மறுபுறம் புரளும். தகரம் அசையாது. இடையில் இருக்கும் ராடு ஒவ்வொரு புரளலிலும் செலக்டரை இழுக்கும். லிவரின் அடித்தளம் கியர்பாக்ஸோடு பிணைந்து, அதோடு சேர்ந்தே ஆட வேண்டும். ராடு தாங்கியின் திசை தவறினால் கியரின் வரைபடமே தலைகீழாகும்: முன்னே தள்ளினால் விழ வேண்டியது பின்னே இழுத்தால் விழும். அவசரத்தில் ஓட்டுநரின் கை பழைய பழக்கத்தைத்தான் நம்பும்.

வெல்டிங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லிவர்கள் பெரும்பாலும் கரிமம் கூடிய, அடித்து உருவாக்கிய எஃகு. முன்சூடு இல்லாமல் வெல்டிங் வைத்து அவசரமாகக் குளிரவிட்டால், ஒட்டுக்குப் பக்கத்து இரும்பு கடினமாகி, நொறுங்கும் தன்மை பெறும். லிவரைக் கழற்றாமல் பெட்டியின் மேலேயே வைத்து ஒட்டினால் தீப்பொறித் துகள்கள் உள்ளே விழும். குமிழைத் தாங்கும் நைலான் புஷ் உருகும். எர்த் வயரைத் தவறான இடத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாயும்.

“எங்கள் வண்டி வருஷக்கணக்கா ஓடுது, ஒண்ணும் ஆகலை” என்பது இந்த நம்பிக்கையின் வலுவான கோட்டை. ஓடுவது உண்மையாகவே இருக்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வாளையாறு வரை போய் வரும் வண்டி பெரும்பாலும் சமதரையில்தான் ஓடுகிறது. அங்கே கியர் எகிறினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அதே வண்டி போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதி ஏறி, தோட்டப் பாதைகளில் சுற்றி, ஆட்களோடு இறங்கும் நாளில்தான் சோதனை. பற்களின் நுனித் தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை. ஒவ்வொரு அரைகுறைக் கியரும் நுனியை இன்னும் கொஞ்சம் மழுக்குகிறது. பத்தாவது வருடம் எகிறும் கியர், முதல் வருடம் வளைத்த லிவரின் கணக்கை அப்போதுதான் தீர்க்கிறது.

லிவரின் இடம் முக்கியம் என்று வண்டி செய்கிறவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் எண்பதுகளில் போர்க்-வார்னர் நிறுவனம் செய்த டி-5 என்னும் ஐந்து கியர் பெட்டி முஸ்டாங் காரிலும் செவர்லே எஸ்-10 பிக்கப்பிலும் வந்தது. எஸ்-10-இல் லிவர் முன்னால் வர வேண்டியிருந்தது. அதற்காக வேறு வால் ஹவுசிங்கை வார்த்தார்கள். பழைய வண்டிகளுக்கு எஞ்சின் மாற்றும் அந்நாட்டுக்காரர்களும் இன்றுவரை அந்த எஸ்-10 ஹவுசிங்கைத் தேடி வாங்குகிறார்கள், லிவர் எங்கே வரும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு.

“ஆர்.சி. புத்தகத்தில் லிவரைப் பற்றி ஒரு வரியும் இல்லையே” என்பார்கள். எஞ்சினைப் பற்றி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு, கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்துசெய்து இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 182-ஏ பிரிவு சொல்கிறது. அனுமதி பெற வேண்டிய வேலையை மறைத்துச் செய்யும்போது, சோதித்துப் பார்க்க இன்னொரு கண் இல்லாமல் போகிறது. பாதிக்கப்படுவது செலக்டர் போன்ற, வெளியே தெரியாத வேலைகள்தான்.

வரிசையை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். எஞ்சின் மவுண்டுக்கு வெல்டிங் வைக்கும் முன்பே ஓட்டுநரை ஸீட்டில் உட்காரவைத்து, கை எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். செலக்டர் அந்த இடத்துக்கு அருகே வரும் பெட்டியையோ ஹவுசிங்கையோ தேட வேண்டும். பெட்டி மேசைமேல் இருக்கும்போதே, லிவர் இல்லாமல் ஒவ்வொரு ராடையும் கையால் தள்ளி, அதன் முழு ஓட்டத்தைக் காலிப்பரில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பெட்டி வண்டியில் ஏறிய பின் அதே அளவு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைத்தால், லிவரைக் கொஞ்சம் வளைப்பதில் குற்றமில்லை.

பிறகு ஆள் ஏற்றாமல் ஒரு சோதனை. போக்குவரத்து இல்லாத, சிறிய, நேரான இறக்கத்தில் இரண்டாவது கியரில் வண்டியை விட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கின் மேல் காலைத் தயாராக வைத்து, லிவரைத் தொடாமல் கவனிக்க வேண்டும். கல் ஏறி இறங்கும்போது லிவர் அரை அங்குலம் நகர்ந்தாலும் வண்டி பட்டறைக்குத் திரும்பட்டும். மறுநாள் விடியலில் தூக்குவாளியோடு காத்திருக்கும் பெண்கள் வேறு ஜீப்பில் போகட்டும்.