யார் சொன்னால் கல்யாணம்?

உங்கள் தாத்தா பாட்டிக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று கோர்ட் சொன்னால் எப்படி இருக்கும்? சிரிக்காதீர்கள். நடந்திருக்கிறது.

1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு குடும்ப வழக்கில், சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. காரணம், சடங்கு இல்லை. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிட்ட தம்பதிகள், சட்டத்தின் கண்ணில் யாரோ எவரோ ஆனார்கள்.

சரிசெய்தது எது? ஓட்டு. 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உற்றார் நண்பர் முன்னால் மாலை மாற்றினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, கல்யாணம் கல்யாணம்தான். அதற்கு முன்பு நடந்தவையும் செல்லும்.

‘பார்த்தீர்களா, இதையெல்லாம் மக்கள்தான் முடிவு செய்யணும்’ என்று எழுந்துவிடாதீர்கள். கொஞ்சம் உட்காருங்கள்.

1985-ல் இந்தூரைச் சேர்ந்த ஷா பானு என்ற வயதான பெண்ணுக்கு, விவாகரத்து செய்த கணவர் மாதம் 179 ரூபாய் 20 காசு ஜீவனாம்சம் தர வேண்டும் என்பதை சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. இத்தனைக்கும் அந்தக் கணவர் வக்கீல்! மறு வருஷமே, மக்களவையில் 400-க்கும் மேற்பட்ட எம்.பி.க்களை வைத்திருந்த ராஜீவ் காந்தி அரசு, ஓட்டுக்குப் பயந்து ஒரு சட்டம் போட்டு, கணவரின் பொறுப்பை இத்தா காலத்தோடு முடித்துவிடப் பார்த்தது. ‘அந்தக் காலத்துக்குள்ளேயே அவளுடைய எதிர்காலத்துக்கும் சேர்த்துக் கொடு’ என்று அதே சட்டத்துக்கு அர்த்தம் சொல்லிக் காப்பாற்றியது, 2001-ல் சுப்ரீம் கோர்ட்தான்.

ஆக, கோர்ட்டும் சறுக்கும், ஓட்டும் சறுக்கும். என் கட்சி இதுதான். உரிமையைக் கொடுப்பதற்கு யார் முந்திக்கொண்டாலும் நல்லது. பறிப்பதற்கு மட்டும் தலை எண்ணிக்கை போதாது. அங்கே கோர்ட் குறுக்கே நின்றே ஆக வேண்டும்.

2023-ல் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்த சுப்ரீம் கோர்ட், ‘அது நாடாளுமன்றத்தின் வேலை’ என்றது. நாடாளுமன்றமோ இன்னும் சட்டம் போடவில்லை. ஏன் போடும்? அவர்களிடம் இருக்கும் ஓட்டு சொற்பம். இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, நடுவில் நிற்பவர்கள் எங்கேதான் போவார்கள்?

உங்கள் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். ஊரைக் கூப்பிட்டீர்கள். இலை போட்டீர்கள். தாம்பூலப் பை கொடுத்தீர்கள்.

ஓட்டா கேட்டீர்கள்?