பிள்ளை மடுவத்தில் ஒட்ட வேண்டிய எண்

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்க 16 நாள் பிரசாரம். 1991இல் தொடங்கிய உலக வழக்கம் அது. நகரங்களில் பதாகை, ஊர்வலம், மேடைப் பேச்சு எல்லாம் நடக்கும். ஆனால் பசறையிலோ மடுல்சீமையிலோ மலையேறும் கொழுந்துப் பெண், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்து அந்தப் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீதவான் நீதிமன்றம் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். அடிபட்டவள் சார்பில் பொலிஸாரே விண்ணப்பிக்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அரச மருத்துவமனைகளில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் 'நட்பு நிலையம்' இருக்கிறது. இருந்தும் லயத்தில் அடி விழுந்தால் விஷயம் போவது தோட்டத் தலைவரிடம்தான். "புள்ளைகளுக்காகப் பொறுத்துப் போம்மா" என்பதோடு பஞ்சாயத்து முடிந்துவிடும்.

இது தோட்டத்துக்கு மட்டும் உரிய நோய் என்று யாரும் எண்ண வேண்டாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் இலங்கை முழுவதும் நடத்திய ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் துணைவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர். தோட்டத்தில் வேறுபடுவது, உதவிக்கும் அவளுக்கும் இடையிலுள்ள தூரம்.

அந்தத் தூரத்தை எங்கே குறைப்பது? லயத்து வாசலில் சுவரொட்டி ஒட்டினால் முதலில் படிப்பவன் புருஷன். அன்றிரவே அதற்கும் சேர்த்து அடி விழலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி, கணக்கப்பிள்ளை என்று ஆண்கள் நிற்பார்கள். சில நாடுகளில் பெண்கள் கழிப்பறைக் கதவில் உதவி எண்ணை ஒட்டுகிறார்கள். தேயிலை மலையில் கழிப்பறைக்கே வழியில்லை, அது தனி வழக்கு.

மிஞ்சுவது பிள்ளை மடுவம். தாய்மார் காலையில் பிள்ளையை விட வருகிறார்கள், இடையில் பால் கொடுக்க வருகிறார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அடுத்தது தோட்ட டிஸ்பென்சரி. 2020 கொரோனா முடக்கத்தின்போது ஸ்பெயினில், மருந்துக்கடையில் 'முகக்கவசம் 19' என்று கேட்டாலே போதும், கடைக்காரர் அவசர உதவியை அழைப்பார். காயத்துக்கு மருந்து கட்டும் இடத்திலேயே காரணத்தையும் கேட்க, நம் டிஸ்பென்சரிக்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை.

அயல்வீட்டாருக்கும் வேலை உண்டு. இந்தியாவில் 2008இல் 'பெல் பஜாவோ' என்றொரு பிரசாரம் நடந்தது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் மணியை அடி, ஏதாவது சாக்குச் சொல், அடி நிற்கும் என்பதே அதன் செய்தி. லயத்தில் அழைப்புமணி கிடையாது. ஆனால் ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருப்பவர்களுக்குச் சத்தம் கேட்காமலா இருக்கும்? "கொஞ்சம் உப்பு இருக்கா?" என்று கதவைத் தட்டலாம்.

பிள்ளை மடுவத்தைப் பார்க்கும் பெண்ணுக்கும் டிஸ்பென்சரி ஊழியருக்கும் இதற்கான பயிற்சி தமிழில் நடக்க வேண்டும். தலைவர்களையும் அதில் உட்கார வைக்க வேண்டும். 1938ஐ அழைத்தால் மறுமுனையில் தமிழில் பதில் வருகிறதா என்று, எண்ணைச் சுவரில் எழுதுவதற்கு முன் பிரசார ஏற்பாட்டாளர்கள் ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடுவது நல்லது. இரவு பத்து மணிக்கும்.