தடுப்பூசிப் பதிவேட்டில் யார் பெயர் இல்லை?

முனைவர் பட்டக் களப்பணிக்காக ஓர் அரசு மருத்துவமனையில் சில மாதங்கள் இருந்தேன். ஒருநாள் அங்கே மருத்துவச் சட்டம், அறம் பற்றிய வகுப்பு. நோயாளியின் ஒப்புதல், ரகசியம் காத்தல், பாகுபாடு காட்டாமை எல்லாம் பேசினார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி துடைத்துப் போட்ட தூய்மைப் பணியாளர் அக்கா வெளியே நின்றார்.

அன்று காலைதான் மஞ்சள் பையைக் கட்டும்போது அவர் விரலில் ஊசி குத்தியிருந்தது. துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டிய ஊசி அது. குழாயில் கையைக் கழுவிவிட்டு அடுத்த வார்டுக்குப் போயிருக்கிறார். “ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டீங்களாக்கா?” என்றேன். “அதெல்லாம் நர்சம்மாங்களுக்குத்தான் தம்பி” என்றார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, பாதுகாப்புக் கருவிகள், ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சியும் உடல் பரிசோதனையும் தருவது மருத்துவமனையின் கடமை என்கின்றன 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். ‘அவர் கான்ட்ராக்ட் ஆள்’ என்று கைகழுவ முடியாது.

விதி இருந்தும் ஊசி ஏன் வந்து சேரவில்லை? அந்த வேலைக்குப் பெரும்பாலும் எந்தச் சாதியினர் வருகிறார்கள் என்று பாருங்கள். அழுக்கு அவர்களுக்குப் பழகியது, நோயும் பழகிவிடும் என்ற நினைப்புதான் காரணம். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்ததாகச் சொல்லும் தீண்டாமை, வார்டுக்குள் இப்படித்தான் உயிரோடிருக்கிறது.

மருத்துவமும் செவிலியமும் படிக்கும் தோழர்களே, உங்கள் வார்டின் தடுப்பூசிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். துடைப்பம் பிடிப்பவரின் பெயர் அதில் இல்லையென்றால், அங்கே நடக்கும் அற வகுப்பு யாருக்காக?